எள்ளலும் இளமையும்



நகைச்சுவைக்குப் பாடத்திட்டத்தில் தனி இடம் இல்லை. தேர்விலே அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. ஆயினும், ஆசிரியர் கரும்பலகையின் பக்கம் திரும்புகின்ற அந்த அரை நிமிடத்தில் வகுப்பின் கடைசி வரிசையில் என்ன நடைபெறும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஒருவன் ஆசிரியரைப்போல் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்வான். மற்றொருவன் அவர் குரலில் இருமுவான். மூன்றாமவன் ஒன்றும் அறியாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டிருப்பான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் பக்கம் திரும்பி நின்றவன் என்ற முறையில் நானும் அதனை ஒருவாறு அறிவேன். அந்தக் கடைசி வரிசைக் கலையைத் தொலைக்காட்சியில் ஒரு குழுவாக அமைந்து நடத்திக் காட்டிய இளைஞர்களைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் விஜய் தொலைக்காட்சியில் 'லொள்ளு சபா' என்றொரு நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. ராம்பாலா என்பவர் அதனை இயக்கினார். சந்தானம், சாமிநாதன், ஜீவா, மனோகர், சேசு முதலியோர் நடித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அந்நாளில் பெயர் அறியப்படாத இளைஞர்கள். சிலர் வயதில் மூத்தவர்களாயினும் மனத்தால் இளைஞர்கள். நிகழ்ச்சியின் பெயரே ஒரு வேடிக்கைதான். 'லொள்' என்பது நாய் குரைக்கும் ஒலி. அதிலிருந்து பிறந்த 'லொள்ளு' என்ற சொல், வம்புக்கு இழுக்கும் குறும்பைக் குறிக்கும். 'சபா' என்றாலோ சங்கீதக் கச்சேரியும், விசிறி மடிப்பு அங்கவஸ்திரமும் நம் நினைவுக்கு வருகின்றன. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியபோதே பாதிச் சிரிப்பு பிறந்துவிட்டது.

அவர்கள் செய்தது இதுதான். எல்லோரும் அறிந்த ஒரு திரைப்படத்தை எடுத்துக்கொள்வார்கள். மூன்று மணி நேரக் கதையைச் சிறு சிறு துணுக்குக் காட்சிகளாக நறுக்குவார்கள். மூலப் படத்தில் இலட்சக்கணக்கில் செலவு செய்து அமைத்த காட்சியை, இங்கே ஓர் அட்டைச் சுவரும் இரண்டு நாற்காலிகளும் கொண்டு நடத்துவார்கள். பணம் இல்லையே என்று மறைக்க மாட்டார்கள். பணம் இல்லாமையையே நகைப்புக்கு உரியதாக்குவார்கள். படத்தைப் பார்த்தபோது நாம் கேட்கத் தவறிய கேள்வியை, நடித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் திரும்பிக் கேட்டுவிடுவார். ஜீவா என்ற நடிகர் ரஜினிகாந்தின் நடையையும் கை வீச்சையும் அப்படியே கொண்டுவருவார். மனோகர் பேசும்போது சொற்களுக்கு முன்னே கைகள் ஓடும். இவ்வளவுதான் முதலீடு.

இதனை வெறும் கூத்து என்று ஒதுக்கியவர் பலர். ஆனால் ஒன்றை எள்ளி நகையாட வேண்டுமானால், முதலில் அதனைக் கூர்ந்து கற்க வேண்டும் அல்லவா? நாயகன் அறிமுகமாகும்போது கேமரா எந்தக் கோணத்திலிருந்து எழுகிறது, வில்லன் எத்தனை முறை சிரித்த பிறகு பேசுகிறான், தாய் எந்தச் சொல்லில் மயங்கி விழுகிறாள் என்பனவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தவனுக்கே பகடி கைவரும். நான் இதனை உரை எழுதுவதற்கு ஒப்பிடுவேன். உரையாசிரியர் நூலின் பொருளை விரித்துக் காட்டுகிறார். பகடிக்காரன் நூலின் பழக்கங்களை விரித்துக் காட்டுகிறான்.

நகை எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் ஆராய்ந்திருக்கிறார். எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையே முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின் அடியாகத் தோன்றும் என்கிறார். பேதைமைக்கும் மடனுக்கும் என்ன வேற்றுமை என்று மாணவர் கேட்பதுண்டு. பேதைமை அறியாமை. மடன் என்பதோ, ஒருவர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல் என்று பேராசிரியர் என்னும் உரையாசிரியர் விளக்குகிறார். இந்த விளக்கத்தை வகுப்பில் சொன்னால் பாதிப் பேருக்குத் தூக்கம் வரும். ஆகவே நான் வாழைப்பழத்தைத் துணைக்கு அழைப்பேன்.

1989-ஆம் ஆண்டில் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தை உங்கள் பெற்றோர் பலமுறை பார்த்திருப்பர். அதனை இயக்கிய கங்கை அமரன் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தைச் சேர்ந்தவர். அதில் கவுண்டமணி, செந்திலிடம் ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு வாழைப்பழம் வாங்கி வரச் சொல்கிறார். செந்தில் ஒன்றை வழியிலேயே தின்றுவிட்டு, மற்றொன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறார். இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு, இதுதான் அந்த இன்னொன்று என்பதே அவருடைய ஒரே பதில். கேள்வி உரக்க எழுகிறது, பதில் மாறுவதில்லை. அடி விழுகிறது, பதில் மாறுவதில்லை. பற்றியதை விடாத மடனுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை எந்த உரையிலும் நான் கண்டதில்லை. துணுக்குக் காட்சியின் இலக்கணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒரே ஒரு விதியை வகுத்துக்கொள்ள வேண்டும். அந்த விதியை எவ்வளவு நெருக்கினாலும் விட்டுக் கொடுக்கக் கூடாது. நெருக்கம் ஏற ஏறச் சிரிப்பு ஏற வேண்டும். அந்தக் காட்சியால் படத்தின் கதை ஓர் அங்குலமும் நகர்வதில்லை. இத்தகைய துணுக்குகளை மட்டுமே கோத்துப் படம் எடுக்கும் வழக்கமும் தமிழுக்குப் புதிது அன்று. 1939-இல் வெளிவந்த 'சிரிக்காதே' என்ற படம் சிறு நகைச்சுவைப் படங்களின் தொகுப்பே.

இனி, குழு என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தனி ஒருவர் நின்று சிரிக்க வைப்பது ஒரு கலை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து சிரிக்க வைப்பது வேறு கலை. எங்கள் ஊர்த் திருவிழாக்களில் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். ஒத்திகையும் கிடையாது, இயக்குநரும் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' எல்லோருக்கும் மனப்பாடம் என்ற ஒரே துணிவில் மேடை ஏறிவிடுவார்கள். இரவு பத்து மணிக்குப் பபூன் முதலில் வந்து, கூட்டத்தைத் தனி ஆளாகத் தன் கைக்குள் கொண்டுவர வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாட்டாண்மைக்காரரைக்கூட அவர் கேலி செய்யலாம். அந்த ஓர் இரவுக்கு அவருக்கு அந்த உரிமை உண்டு.

அதே சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை' என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். டி. கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் வளர்ந்தார், எம். ஜி. ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தார். அந்தக் கம்பெனிகளில் சிறுவர்கள் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒன்றாக அடி வாங்கினார்கள். அந்த வாழ்க்கை கடுமையானது. அதனை நான் புகழப் போவதில்லை. ஆனால், பக்கத்தில் நிற்பவன் எந்த இடத்தில் மூச்சு விடுவான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நகைச்சுவைக்கு அது பெரிய மூலதனம். 'லொள்ளு சபா'வின் குழுவும் வாரந்தோறும் அதே முகங்களோடு பழகியதால் அந்தப் பழைய பால சபைகளின் வழியில் வந்தது என்றே நான் கருதுகிறேன். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடித்துக்கொள்ளும் வேகம் ஒத்திகையால் மட்டும் வருவதன்று.

கடல் கடந்தும் இதே கதைதான். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று பி.பி.சி. தொலைக்காட்சியில் 'மான்டி பைத்தானின் பறக்கும் சர்க்கஸ்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. அதனை எழுதி நடித்த அறுவருள் ஒருவர்கூட அன்று முப்பது வயதைத் தாண்டியவர் அல்லர். அவர்களுள் ஐவர் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர்கள். கல்லூரி நாடகக் குழுக்களில் தேறியவர்கள். நீதிபதி, படைத்தளபதி, அமைச்சர் என்று இங்கிலாந்து எவரையெல்லாம் எழுந்து நின்று வணங்கியதோ அவர்களையெல்லாம் அந்த இளைஞர்கள் வேடம் கட்டி ஆட்டிவைத்தார்கள். நம் நாட்டிலும் 1989-இல் ஜஸ்பால் பட்டி என்னும் பஞ்சாபியர், அரசின் தூர்தர்ஷனிலேயே 'ஃப்ளாப் ஷோ' என்ற நிகழ்ச்சியில் ஊழலையும் அலுவலகச் சோம்பலையும் எள்ளினார். அரசாங்கத்தின் செலவிலேயே அரசாங்கத்தைப் பார்த்துச் சிரித்தார்!

பகடி என்ற இந்தக் கலைக்கு மேலைநாட்டில் வழங்கும் பெயர் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு பாட்டை ஒட்டி அதன் பக்கத்தில் பாடப்படும் மறுபாட்டு என்பது அதன் பழம்பொருள். இந்தப் பொருளின்படி பார்த்தால், எங்கள் பள்ளத்தாக்கில் பகடிக்கு ஒரு பெரிய பரம்பரையே உண்டு. பண்ணைப்புரம் பாவலர் வரதராசன், மக்கள் முணுமுணுக்கும் திரைப்பட மெட்டுகளை எடுத்து, அவற்றில் கம்யூனிஸ்டுக் கட்சியின் பிரசாரச் சொற்களை ஏற்றிப் பாடினார். 1958-இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தபோது மலைத் தோட்டங்களில் தேயிலை பறிக்கும் தமிழ்த் தொழிலாளர்களிடையே அந்தப் பாட்டு ஒலித்தது. காதலன் காதலிக்குப் பாடிய மெட்டில் கூலி உயர்வைப் பற்றிய பாட்டைக் கேட்டால், முதலில் சிரிப்பு வரும். பிறகு சிந்தனை வரும். அவருடைய தம்பியர் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகியோர் வளர்ந்த இசைக்குழு அது. இளையராஜா அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினைந்தளவே இருக்கும்.

இதே மண்ணில், தேனி அல்லிநகரத்தில், பாரதிராஜா பிறந்தார். 1977-இல் '16 வயதினிலே' வந்தபோது, கிராமத்தைப் படப்பிடிப்பு நிலையத்துக்குள் அட்டையில் செய்துகாட்டிய காலம் முடிவுக்கு வந்தது என்று நாங்களெல்லாம் பெருமை கொண்டோம். ஆனால் வெற்றி பெற்ற எதுவும் வாய்பாடாகிவிடும். அவருக்குப் பின் வந்த எத்தனையோ படங்களில் ஆலமரத்தடி, நாட்டாமை, செம்பு, வெள்ளை உடைத் தேவதைகள், கரகரத்த குரலில் ஒரு முன்னுரை என்று அச்சுக் கோத்ததுபோல் வரத் தொடங்கின. பலகுரல் கலைஞர் எவரும் அந்தக் குரலைப் பேசாமல் மேடையிலிருந்து இறங்குவதில்லை. எங்கள் ஊர் வழக்கும், எங்கள் உடையும், எங்கள் கோபமும் தமிழ்நாடு முழுவதற்கும் கேலிப் பொருளாயின. இது எங்களை இழிவு செய்வதா, அல்லது அந்த அச்சை உடைப்பதா? இந்த வினா என்னை நெடுநாள் பின்தொடர்ந்தது.

இதற்கு விடை சொன்னவர் ஒரு விவசாயி. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், பதினோராம் வகுப்பு மாணவர் அறுவர் ஒரு கிராமத்துப் படத்தைப் பகடி செய்ய அனுமதி கேட்டார்கள். ஆசிரியர் அறையில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. மாணவர் வரம்பு மீறுவர் என்று சிலர் அஞ்சினர். நான் மூன்று நிபந்தனைகளோடு இசைந்தேன். மூலப் படத்தை இரண்டு முறையாவது பார்த்திருக்க வேண்டும். எவருடைய உடலையும் நிறத்தையும் சாதியையும் தொடக் கூடாது. கேலி செய்கிறவன் ஓரிடத்திலாவது தன்னையும் கேலி செய்துகொள்ள வேண்டும். மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடைய நாடகத்தில் நாட்டாமை தீர்ப்புச் சொல்ல எழும்போதெல்லாம் செம்பு கவிழ்ந்துவிடும். ஒருவன் ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்து வருவான். அவன் வரும்வரை நியாயம் காத்திருக்கும். பெரிய சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு இடையில் புகுந்த ஒரு பாத்திரம் யாரைக் குறிக்கும் என்று எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அரங்கமே என்னைத் திரும்பிப் பார்த்தது, நானும் சிரித்தேன்.

விழா முடிந்த பின், ஒரு மாணவனின் தாத்தா என்னிடம் வந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தார். "சார், நான் முப்பது வருசமா நம்ம ஊருப் பஞ்சாயத்துல உக்காந்திருக்கேன். ஒரு நாளும் செம்பு வச்சதில்ல. தண்ணி தவிச்சா எந்திரிச்சுப் போயிக் குடிச்சுட்டு வருவோம். சினிமாக்காரக எங்கேயிருந்துதான் அதப் பிடிச்சாகளோ!" என்றார். அவர் தம்மைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தம்முடைய பெயரால் உலவிய பொய்ப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் படம் உடைந்ததில் அவருக்கு ஒரு விடுதலை இருந்தது.

எல்லோருக்கும் இந்த மனம் வாய்ப்பதில்லை. 2007-ஆம் ஆண்டில் 'லொள்ளு சபா' குழுவினர் 'போக்கிரி' படத்தைப் பகடி செய்தபோது, அந்தப் படத்தின் நாயகனுடைய ரசிகர்கள் சினந்து எழுந்தார்கள். தெய்வத்தைக் கேலி செய்தால் பொறுத்துக்கொள்ளும் தமிழகம், நடிகரைக் கேலி செய்தால் பொறுப்பதில்லை என்பது என் நெடுநாள் அனுபவம். எள்ளல் இரு வகைப்படும் என்று பேராசிரியர் பிரித்துக் காட்டியிருக்கிறார். நாம் பிறரை எள்ளி நகுவது ஒன்று; பிறர் நம்மை எள்ளும்போது நாம் நகுவது மற்றொன்று. முதலாவது கற்காமலே வரும். இரண்டாவதைக் கற்றவர் சிலரே.

ஆயினும் எள்ளுகிறவர்களிடமும் குறை இருக்கத்தான் செய்கிறது. தொலைக்காட்சி நகைச்சுவையில் கறுத்த நிறமும், பருத்த உடலும், வழுக்கைத் தலையும் எத்தனை முறை சிரிப்புக்குக் கருவியாயின! ஆடவர் சேலை கட்டி ஆடுவதே போதுமான நகைச்சுவை என்று எத்தனை பேர் நினைத்தார்கள்! பெண்கள் எழுதி நடித்த குழுக்கள் எத்தனை அரியன! மாற்றிக்கொள்ள இயலாத ஒன்றை எள்ளுவதற்குக் கூர்ந்த பார்வை வேண்டியதில்லை. கொஞ்சம் கொடுமை இருந்தாலே போதும். தேநீர்க் கடையில் அத்தகைய காட்சி ஓடும்போது, கடையில் எச்சில் தம்ளர் கழுவும் கறுத்த சிறுவனின் முகத்தை நான் பார்த்ததுண்டு. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவனும் சிரிப்பான். உரையாசிரியர் குறித்த இரண்டாம் வகை நகை இதுவன்று.

இதற்கு நேர்மாறான திசையும் உண்டு. இன்றைய மாணவர்கள் தொலைக்காட்சியைவிடக் கைப்பேசியில் யூடியூபையே மிகுதியாகப் பார்க்கிறீர்கள். அங்கே கோபி, சுதாகர் என்னும் இரு இளைஞர்கள் நடத்தும் 'பரிதாபங்கள்' உங்களுக்குத் தெரிந்ததே. 2025-ஆம் ஆண்டில் அவர்கள் சாதிப் பெருமை பேசுவோரைக் கேலி செய்து ஒரு பகுதியை வெளியிட்டபோது, அதற்கு எதிராகக் காவல் துறையில் புகார் கொடுக்கப்பட்டது. நிறத்தைக் கேலி செய்த ஆயிரம் காட்சிகளுக்கு எவரும் புகார் கொடுக்கப் புறப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சாதியின் செருக்கு மாற்றிக்கொள்ளக் கூடியது. ஆகவே அது எள்ளலுக்கு உரியது. உரியதைத் தொட்டால்தான் வலிக்கிறது போலும்.

'லொள்ளு சபா' நின்று ஆண்டுகள் பல ஆயின. சந்தானம் 2004-இல் 'மன்மதன்' படத்தின் வழியாகத் திரைக்குச் சென்று, பிறகு நாயகனாகவும் உயர்ந்தார். அவரை நாயகனாக வைத்து 2016-இல் 'தில்லுக்கு துட்டு' படத்தை எடுத்தவர் அதே ராம்பாலா. சேசு 2024 மார்ச்சில் மறைந்தார். பழைய பகுதிகளை இன்றும் யூடியூபில் பார்க்கலாம். பார்க்கும்போது, பேசுகிறவரை மட்டும் பார்க்காதீர்கள். குழு நகைச்சுவையில் பேசாமல் நிற்பவர்களே உண்மையான பாடம். ஒருவர் பேசும்போது மற்றவர் கண் எங்கே போகிறது, எவர் சிரிப்பை அடக்குகிறார், எவர் அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று கவனியுங்கள். அந்நிகழ்ச்சியில் சிறு சிறு வேடங்களில், பெயர் அறியப்படாமல் நின்றவர்களுள் சுருட்டை முடியும் பருத்த உடலும் கொண்ட ஓர் இளைஞர் இருந்தார். 2009-இல் வெளிவந்த 'யோகி' என்ற படத்தின் பெயர் பின்னர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அவரது தோற்றத்தையே பல படங்கள் கேலிப் பொருளாக்கின. 2021-இல் வந்த 'மண்டேலா'வில் அந்த யோகிபாபுவே நாயகர். ஊரார் பெயர்கூடச் சொல்லி அழைக்காத ஒரு முடிதிருத்தும் தொழிலாளி. சாதியால் இரண்டாகப் பிரிந்து நிற்கும் ஊரில், தேர்தலின் வெற்றி அவருடைய ஒரே ஒரு வாக்கில் தொங்குகிறது. இரு தரப்பாரும் அவருக்குப் பணிவிடை செய்யப் போட்டியிடுகிறார்கள். அவரோ அதிகம் பேசாமல், நின்று அவர்களைப் பார்க்கிறார்.